ஆர்டுயினோ ஊனோவில் அனலாக் கம்பேரேட்டர்: முதல் வயரிலிருந்து இன்டரப்ட் வரை

ஆர்டுயினோ பழக ஆரம்பித்தவர்களிடம் "வோல்டேஜ் 2 வோல்ட்டைத் தாண்டினால் எல்.இ.டி. எரியணும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அனலாக்ரீட் போட்டு, வந்த எண் 409-ஐவிடப் பெரியதா என்று சோதிப்பார்கள். தப்பில்லை, வேலை நடக்கும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். அதற்காக 0 முதல் 1023 வரை ஓர் எண்ணை அளந்து வாங்கி, பிறகு அதையே ஒரு பிட்டாகச் சுருக்குகிறோம். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்குள், அந்த ஒரு பிட்டை நேராகக் கையில் கொடுக்கும் சர்க்யூட் ஒன்று சும்மா கிடக்கிறது. அதுதான் அனலாக் கம்பேரேட்டர். ஆர்டுயினோவில் அதற்கென்று தனி ஃபங்ஷன் கிடையாது என்பதால், அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இதை ஓட வைப்பது எளிது. இரண்டு ரெஜிஸ்டர்களில் (சிப்பின் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் உள் நினைவிடங்கள்) சில பிட்களை மாற்றினால் போதும். சிரமமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது: ஒப்பிடப்படும் இரண்டு வோல்டேஜும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில். ஆகவே அந்தப் பகுதிக்கு வரும்போது மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

ஒரு முன்குறிப்பு. இங்கே சொல்வதெல்லாம் ஊனோ ஆர்3 போர்டுக்கும், அதே சிப் உள்ள நானோ போர்டுக்கும் பொருந்தும். ஊனோ ஆர்4-இல் இருப்பது ரெனெசாஸ் கம்பெனியின் முற்றிலும் வேறான சிப். அதில் இந்த ரெஜிஸ்டர் பெயர்கள் எதுவும் இருக்காது. பெயர்களைத் தமிழில் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். கோடு எழுதும்போது அதே எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கம்பேரேட்டருக்கு இரண்டு உள்ளீடுகள், ஒரு வெளியீடு. பிளஸ் உள்ளீட்டின் பெயர் ஏஐஎன்0. ஊனோவில் அது டிஜிட்டல் பின் 6. மைனஸ் உள்ளீடு ஏஐஎன்1; அது டிஜிட்டல் பின் 7. பிளஸ் பக்கம் வோல்டேஜ் அதிகமாக இருந்தால் வெளியீடு 1, மைனஸ் பக்கம் அதிகமாக இருந்தால் 0. பழைய தட்டுத் தராசு மாதிரிதான்: எந்தத் தட்டு கனம் என்று காட்டும், எத்தனை கிலோ என்று சொல்லாது.

எத்தனை கிலோ என்று சொல்லாததால் கிடைக்கும் லாபம் வேகம். அனலாக்ரீட்டுக்காக வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி ஏடிசி. ஆர்டுயினோவின் வழக்கமான அமைப்பில் அதன் கிளாக் 125 கிலோஹெர்ட்ஸ். ஓர் அளவீட்டுக்கு 13 கிளாக் வேண்டும், அதாவது 104 மைக்ரோவிநாடி. அனலாக்ரீட் அதுவரை புரோகிராமை நிறுத்திவைத்துக் காத்திருக்கும். கம்பேரேட்டரோ, டேட்டாஷீட் கணக்குப்படி, 4 வோல்ட் சப்ளையில் சுமார் 500 நானோவிநாடியில் முடிவு சொல்லிவிடும். அந்த முடிவை சிஸ்டம் கிளாக்கோடு ஒத்திசைக்க இன்னும் ஒன்றிரண்டு கிளாக் ஆகும். 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிளாக் 62.5 நானோவிநாடி. ஏறக்குறைய இருநூறு மடங்கு வேகம். அதுவும் நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மாற்றம் நடந்ததும் அதுவே இன்டரப்ட் அடித்து, அதாவது ஓடும் புரோகிராமை இடைமறித்து, கூப்பிடும்.

துல்லியத்தைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடலாம். இரண்டு உள்ளீடும் மிகச் சரியாகச் சமமாகும் புள்ளியில்தான் வெளியீடு மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே சிறு பிழை ஒன்று எப்போதும் உண்டு, ஆஃப்செட் என்பார்கள். இந்தச் சிப்பில் அது வழக்கமாக 10 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். அதிகபட்சம் 40 வரை போகலாம் என்று டேட்டாஷீட் எச்சரிக்கிறது. 2 வோல்ட் எல்லை வைக்கும் சர்க்யூட்டில் இது பெரிய விஷயமில்லை. கரண்ட் அளக்கப் போடும் ஷன்ட் மின்தடையில் விழும் 50 மில்லிவோல்ட்டை நேராகப் பார்க்க நினைத்தால் இது பெரிய விஷயம்.

படி 1: வயரிங்

வேண்டியவை: ஊனோ, பிரெட்போர்டு, ஒரு எல்.டி.ஆர். (வெளிச்சத்துக்கேற்ப மாறும் மின்தடை), 10 கே மின்தடை இரண்டு, 470 கே ஒன்று, 10 கே பிரீசெட் (திருப்பி மாற்றும் மூன்று கால் மின்தடை) ஒன்று, மல்டிமீட்டர். எல்.இ.டி. தனியாக வேண்டாம், போர்டில் பின் 13-இல் இருப்பதே போதும்.

எல்.டி.ஆரின் ஒரு காலை 5 வோல்ட்டில் கொடுங்கள். மறு காலிலிருந்து 10 கே மின்தடை வழியாகக் கிரவுண்டுக்கு. இரண்டும் சேரும் இடத்திலிருந்து ஒரு வயர் பின் 7-க்கு. வெளிச்சம் பட்டால் எல்.டி.ஆரின் மின்தடை குறையும், சேரும் இடத்தில் வோல்டேஜ் ஏறும், இருட்டினால் இறங்கும்.

பிரீசெட்டின் இரு ஓரக் கால்களும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும். நடுக்காலிலிருந்து மீதமுள்ள 10 கே வழியாகப் பின் 6-க்கு. இந்த 10 கே எதற்கு என்று இப்போது தெரியாது, படி 4-இல் ஹிஸ்டெரிசிஸ் வரும்போது அதுதான் வேலை செய்யப்போகிறது. இப்போதே போட்டுவிடுங்கள். 470 கே பக்கத்தில் இருக்கட்டும்.

கோடு பக்கம் போகும் முன் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பின்களையும் அளந்து பாருங்கள். எல்.டி.ஆரைக் கையால் மூடினால் பின் 7-இன் வோல்டேஜ் இறங்க வேண்டும். பிரீசெட்டைத் திருப்பினால் பின் 6, 0 முதல் 5 வரை போய்வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், இனி வரும் குழப்பம் எதுவானாலும் அது கோடில்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த இரண்டு நிமிடச் சோதனையை விட்டுவிட்டு ரெஜிஸ்டரோடு மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம்.

எந்தப் பின்னிலும் 0-க்குக் கீழேயோ 5 வோல்ட்டுக்கு மேலேயோ கொடுக்கக் கூடாது. 12 வோல்ட் பேட்டரியை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் மின்தடைகள் போட்டுப் பிரித்துக் குறைத்த பிறகுதான்.

படி 2: ரெஜிஸ்டரைப் படிப்பது

கம்பேரேட்டரின் முழு நிர்வாகமும் ஏசிஎஸ்ஆர் என்ற ஒரே 8 பிட் ரெஜிஸ்டரில் இருக்கிறது. மேலிருந்து கீழாக:

பிட் 7, ஏசிடி. இதில் 1 எழுதினால் கம்பேரேட்டர் அணைந்துவிடும். சிப் கண்விழிக்கும்போது இது 0. அதாவது நீங்கள் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் கம்பேரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் கரண்ட் தின்றுகொண்டு. பேட்டரி புராஜெக்டில் இது தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

பிட் 6, ஏசிபிஜி. பின் 6-க்குப் பதில் சிப்புக்குள் இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை இணைக்கும். பிறகு பார்ப்போம்.

பிட் 5, ஏசிஓ. இதுதான் பதில். படிக்க மட்டுமே முடியும்.

பிட் 4, ஏசிஐ. இன்டரப்டுக்கான சம்பவம் நடந்ததைக் குறிக்கும் கொடி. பிட் 3, ஏசிஐஇ, இன்டரப்டை அனுமதிப்பது. பிட் 2, ஏசிஐசி, டைமர்1-உடன் இணைப்பது. கடைசி இரண்டும் ஏசிஐஎஸ்1, ஏசிஐஎஸ்0. எந்த மாற்றத்துக்கு இன்டரப்ட் வர வேண்டும் என்பதை இவை தீர்மானிக்கும்: 00 என்றால் எந்தப் பக்கம் மாறினாலும், 10 என்றால் வெளியீடு 1-இலிருந்து 0-க்கு விழும்போது, 11 என்றால் 0-இலிருந்து 1-க்கு ஏறும்போது. 01 ஒதுக்கிவைக்கப்பட்டது, தொட வேண்டாம்.

இதோடு டிஐடிஆர்1 என்று இன்னொரு ரெஜிஸ்டர் உண்டு. அதில் 3 எழுதினால் பின் 6, 7 இரண்டின் டிஜிட்டல் உள்ளீட்டுப் பகுதியும் அணையும். இல்லாவிட்டாலும் கம்பேரேட்டர் வேலை செய்யும். ஆனால் டிஜிட்டல் பகுதிக்கு 0-வும் இல்லாத 1-ம் இல்லாத நடு வோல்டேஜ் கொடுத்தால் அது வீணாகக் கரண்ட் இழுக்கும். எழுதிவிடுவது நல்லது.

இப்போது முதல் புரோகிராம். செட்டப்பில் டிஐடிஆர்1-இல் 3, ஏசிஎஸ்ஆரில் 0, பின் 13-ஐ அவுட்புட் ஆக்குங்கள். லூப்பில் ஏசிஎஸ்ஆரைப் படித்து 32-உடன் அண்ட் செய்யுங்கள். பிட் 5-இன் மதிப்பு 32 என்பதால். விடை பூஜ்யம் இல்லையென்றால் எல்.இ.டி.யை எரியவிடுங்கள், பூஜ்யமென்றால் அணையுங்கள். அவ்வளவுதான்.

அறை வெளிச்சத்தில் எல்.இ.டி. அணையும் இடம் வரை பிரீசெட்டைத் திருப்பி, எல்.டி.ஆரைக் கையால் மூடுங்கள். எரிய வேண்டும். தலைகீழாக நடந்தால் பின் 6, 7 வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. நடக்கவே இல்லையென்றால், வேறு புரோகிராமிலிருந்து காப்பி செய்த வரியில் பின் 6 அல்லது 7-க்குப் புல்-அப் (பின்னை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் மின்தடை) போட்டிருக்கிறதா பாருங்கள். சிப்புக்குள் இருக்கும் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும். அது எல்.டி.ஆர். பக்கம் சேர்ந்தால் இருட்டிலும் வோல்டேஜ் போதுமான அளவு இறங்காது.

படி 3: இன்டரப்ட்

லூப்பில் படித்துக்கொண்டே இருப்பதில் கம்பேரேட்டரின் பாதிப் பலன் போய்விடுகிறது. இன்டரப்டுக்கு மாற்றுவோம்.

வரிசை முக்கியம். முதலில் ஏசிஎஸ்ஆரில் 16 எழுதுங்கள். இன்டரப்ட் அனுமதி 0, மாற்ற வகை 00, கொடி பிட்டில் 1. கொடியில் 1 எழுதினால்தான் அது இறங்கும். 0 எழுதினால் எதுவும் ஆகாது. ஏவிஆர் சிப்களில் இன்டரப்ட் கொடிகளுக்கு இதுதான் வழக்கம், புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம். அடுத்து 8 எழுதுங்கள், இன்டரப்ட் அனுமதியாகிவிடும். மாற்ற வகையையோ ஏசிடி பிட்டையோ மாற்றும்போது இன்டரப்டை அனுமதித்தே வைத்திருந்தால், தேவையில்லாத இன்டரப்ட் ஒன்று வரக்கூடும். அதனால்தான் இந்த இரண்டு படி.

இங்கே இன்னொரு கண்ணி. பலர் ஒரு பிட்டை மட்டும் மாற்ற ஆர்-ஈக்வல் (|=) போட்டுப் பழகியிருப்பார்கள். அப்படிச் செய்தால் ரெஜிஸ்டர் முழுதும் படிக்கப்பட்டு, மாற்றப்பட்டு, திரும்ப எழுதப்படும். அந்த நேரம் பார்த்துக் கொடி ஏறியிருந்தால் அது 1 என்று படிக்கப்பட்டு, 1 என்றே திரும்ப எழுதப்பட்டு, தானாக இறங்கிவிடும். ஒரு சம்பவம் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஏசிஎஸ்ஆருக்கு முழு மதிப்பையும் நேரடியாக எழுதுவதே என் பழக்கம்.

இன்டரப்ட் ரூட்டினின் வெக்டர் பெயர் அனலாக், காம்ப், வெக்ட் என்ற மூன்று துண்டுகளை அடிக்கோட்டால் சேர்த்தது; முதல் இரண்டும் பெரிய எழுத்து, கடைசி சிறிய எழுத்து. ரூட்டினுக்குள் வோலடைல் என்று அறிவித்த ஒரு எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள், வேறெதுவும் வேண்டாம். லூப்பில் விநாடிக்கு ஒருமுறை அந்த எண்ணைச் சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள்.

எல்.டி.ஆரை மூடித் திறந்தால் எண்ணிக்கை இரண்டு கூட வேண்டும், இல்லையா? செய்து பாருங்கள். பெரும்பாலும் அதைவிட நிறையவே கூடியிருக்கும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிரீசெட்டை மெல்ல எல்லைப் புள்ளிக்குக் கொண்டுவந்து அங்கேயே விட்டுவிட்டால், நீங்கள் எதையும் தொடாமலே எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும்.

படி 4: எல்லையில் நடக்கும் கூத்து

கம்பேரேட்டர் கெட்டுப்போகவில்லை. சொன்னதைத்தான் செய்கிறது, மிக விசுவாசமாக. 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டில் எரியும் விளக்கின் வெளிச்சம் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. எல்.டி.ஆர். மந்தமானதுதான், ஆனாலும் அந்த அலையின் மிச்சம் சில மில்லிவோல்ட்டாவது பின் 7-இல் இருக்கும். எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒவ்வொரு அலையும் எல்லையை இருமுறை கடக்கும்: ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. அதன்மேல் யுஎஸ்பி சப்ளையில் வரும் இரைச்சல், பிரெட்போர்டின் நீண்ட வயர்கள் பிடிக்கும் இரைச்சல் எல்லாம் சேரும். சிக்னல் எவ்வளவு மெதுவாக எல்லையைக் கடக்கிறதோ, அவ்வளவு நேரம் இந்த இரைச்சலுக்கு ஆட இடம் கிடைக்கிறது. அந்தி சாயும் வெளிச்சத்தைவிட மெதுவான சிக்னல் கிடைப்பது கடினம்.

முதல் மருந்து கெப்பாசிட்டர். பின் 7-க்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோபாரட் ஒன்றைப் போட்டால் கூர்மையான இரைச்சல் அடங்கும். 100 ஹெர்ட்ஸ் அலைக்கு அது போதாது. 10 மைக்ரோபாரட் போட வேண்டும். ஆனால் கெப்பாசிட்டரை ஏற்ற ஏற்ற கம்பேரேட்டரின் வேகம் வீணாகிறது.

சரியான மருந்து ஹிஸ்டெரிசிஸ். எல்லையை ஒன்றுக்குப் பதில் இரண்டாக்குவது: இருட்டு என்று முடிவெடுக்க ஒரு வோல்டேஜ், வெளிச்சம் என்று முடிவெடுக்க அதைவிடக் கொஞ்சம் உயர்ந்த வோல்டேஜ். இடையில் இருக்கும் பட்டையில் சிக்னல் என்ன ஆட்டம் போட்டாலும் முடிவு மாறாது. தனி கம்பேரேட்டர் சிப்களில் வெளியீட்டிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு ஒரு பெரிய மின்தடையைத் திருப்பிக் கொடுத்து இதைச் செய்வார்கள். ஏடிமெகா328பியில் அதற்கு வழியில்லை: கம்பேரேட்டரின் வெளியீடு எந்தப் பின்னுக்கும் வருவதில்லை, உள்ளேயும் ஹிஸ்டெரிசிஸ் வசதி இல்லை.

அதனால் வெளியீட்டை நாமே ஒரு பின்னில் கொண்டுவருவோம். எடுத்துவைத்த 470 கே மின்தடையைப் பின் 8-க்கும் பின் 6-க்கும் இடையே இணையுங்கள். பின் 8 அவுட்புட். இன்டரப்ட் ரூட்டினில் ஏசிஓ 1 என்றால் பின் 8-ஐ உயர்த்துங்கள், 0 என்றால் தாழ்த்துங்கள். செட்டப்பிலும் ஒருமுறை ஏசிஓவைப் படித்துப் பின் 8-க்குத் தொடக்க நிலை கொடுத்துவிடுங்கள்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இருட்டில் ஏசிஓ 1, பின் 8-இல் 5 வோல்ட். அது 470 கே வழியாகப் பின் 6-ஐக் கொஞ்சம் மேலே இழுக்கிறது, ஆகவே எல்லை உயர்கிறது; வெளிச்சம் நன்றாக வந்தால்தான் முடிவு மாறும். மாறியதும் பின் 8 பூஜ்யமாகி எல்லையைக் கீழே இழுக்கிறது.

பட்டையின் அகலத்தைக் கணக்கிடுவது எளிது. பிரீசெட் நடுவில் இருக்கும்போது அதன் பக்க மின்தடை 2.5 கே, அதோடு நாம் போட்ட 10 கே, மொத்தம் 12.5 கே. 5 வோல்ட்டை 12.5-ஆல் பெருக்கி, 482.5-ஆல் வகுத்தால் சுமார் 130 மில்லிவோல்ட். பிரீசெட்டை ஓரத்துக்குத் திருப்பினாலும் 10 கே அப்படியே இருப்பதால் 104 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போகாது. அந்த 10 கே இல்லாமல் பிரீசெட்டின் நடுக்காலை நேரே பின் 6-இல் கொடுத்திருந்தால் ஓரங்களில் பட்டை கிட்டத்தட்ட பூஜ்யமாகியிருக்கும்.

ஆட்டம் இன்னும் நிற்கவில்லை என்றால் 470 கேவை 220 கே ஆக்குங்கள், பட்டை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எவ்வளவு அகலம் போதும்? இரைச்சலின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தைவிட இரண்டு மடங்கு வைத்தால் நிம்மதி. அதற்கு மேல் வைத்தால் அணையும் புள்ளியும் எரியும் புள்ளியும் விலகிப்போய், வேறு மாதிரி எரிச்சல் தரும்.

ரூட்டின் ஓடி முடிந்து பின் 8 மாறுவதற்குச் சில மைக்ரோவிநாடி ஆகும். அந்த இடைவெளியில் ஓரிரண்டு அதிகப்படி இன்டரப்ட் வரலாம். ரூட்டின் ஒவ்வொரு முறையும் ஏசிஓவைப் புதிதாகப் படித்து முடிவெடுத்தால் அதனால் பாதகமில்லை. "மாறிவிட்டது, ஆகவே தலைகீழாக்கு" என்று எழுதினால்தான் வம்பு.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசலில் இருட்டினால் விளக்கு போடும் கருவிதான் உங்கள் நோக்கம் என்றால், அனலாக்ரீட்டே மேல். விநாடிக்கு ஒருமுறை படித்து, கோடிலேயே இரண்டு எல்லை வைத்தால் முடிந்தது. இங்கே எல்.டி.ஆரை எடுத்தது, எல்லையில் நடப்பதைக் கண்ணால் பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை என்பதற்காக. கம்பேரேட்டர் தன் சம்பளத்துக்கு உழைக்கும் இடங்கள் இனி வருபவை.

1.1 வோல்ட் ரெஃபரன்ஸ்: பேட்டரி இறங்கியதா?

பேட்டரியில் ஓடும் கருவியில், அந்த பேட்டரி வோல்டேஜையே ஒப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரீசெட்டிலிருந்து எல்லை எடுக்க முடியாது, ஏனென்றால் பேட்டரி இறங்க இறங்க எல்லையும் சேர்ந்தே இறங்கும். சப்ளை மாறினாலும் மாறாத ஒன்று வேண்டும். ஏசிபிஜி பிட்டை 1 ஆக்கினால் பிளஸ் பக்கம் உள் ரெஃபரன்ஸ் வந்துவிடும். பின் 6 வேறு வேலைக்குக் கிடைக்கும்.

லித்தியம்-அயன் செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது எச்சரிக்கை வேண்டும் என்றால் 200 கே, 100 கே இரண்டையும் வரிசையாகப் போட்டு, சந்திப்பைப் பின் 7-க்குக் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1.1 வோல்ட் அங்கே கிடைக்கும். செல் 3.7 வோல்ட்டில் இருக்கும்போது இந்த இரண்டு மின்தடையும் இழுப்பது சுமார் 12 மைக்ரோஆம்பியர்தான். சந்திப்பில் 100 நானோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றையும் மறக்காதீர்கள்.

1.1 என்பது பெயருக்குத்தான். டேட்டாஷீட்டின்படி அது 1.0 முதல் 1.2 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், சிப்புக்குச் சிப் மாறும். அப்படியென்றால் உங்கள் எச்சரிக்கை 3.0 வோல்ட்டிலும் வரலாம், 3.6-இலும் வரலாம். ஆகவே மாற்றக்கூடிய பவர் சப்ளையை பேட்டரி இடத்தில் வைத்து, மெல்ல இறக்கி, ஏசிஓ எந்த வோல்டேஜில் மாறுகிறது என்று பார்த்து மின்தடையைச் சரிசெய்யுங்கள். ரெஃபரன்ஸை ஆன் செய்தவுடன் முதல் பதிலை நம்பவும் வேண்டாம். அது நிலைபெற 70 மைக்ரோவிநாடி வரை ஆகலாம்.

பேட்டரிக் கருவி என்றதும் தூக்க நிலை ஞாபகம் வரும். கம்பேரேட்டர் இன்டரப்ட் இந்தச் சிப்பை ஐடில் நிலையிலிருந்து மட்டுமே எழுப்பும். பவர்-டவுன் போன்ற ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பாது. அங்கே வாட்ச்டாக் டைமரால் அவ்வப்போது எழுந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டைமரோடு சேர்த்து: கெப்பாசிட்டர் மீட்டர்

எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி ஏசிஐசி பிட். அதை 1 ஆக்கினால் கம்பேரேட்டரின் வெளியீடு டைமர்1-இன் கேப்சர் பகுதிக்கு உள்ளேயே இணைந்துவிடும். வெளியீடு மாறிய கணத்தில் டைமர் எண்ணை ஹார்டுவேரே பிடித்து வைத்துக்கொள்ளும். புரோகிராம் எப்போது வந்து படித்தாலும் நேரம் பிசகாது.

எல்.டி.ஆர். சர்க்யூட்டைக் கழற்றிவிடுங்கள். இரண்டு 10 கே மின்தடையால் 5 வோல்ட்டைப் பாதியாக்கிப் பின் 6-க்குக் கொடுங்கள். அளக்க வேண்டிய கெப்பாசிட்டரைப் பின் 7-க்கும் கிரவுண்டுக்கும் இடையே வையுங்கள். பின் 5-இலிருந்து இன்னொரு 10 கே வழியாகப் பின் 7-க்கு. பின் 5-ஐ உயர்த்தினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும். பாதி வோல்டேஜை அடைய எடுக்கும் நேரம் மின்தடை, கெப்பாசிட்டன்ஸ் இரண்டின் பெருக்கத்தில் 0.693 பங்கு. 100 நானோபாரட்டுக்கு 693 மைக்ரோவிநாடி. 16 மெகாஹெர்ட்ஸில் டைமர் சுமார் 11,088 என்று காட்டும்.

செய்முறை இப்படி. டிசிசிஆர்1ஏ-இல் 0 எழுதுங்கள். இதை விட்டுவிடக் கூடாது: ஆர்டுயினோ தொடக்கத்திலேயே டைமர்1-ஐ பிடபிள்யூஎம்முக்காக 8 பிட் முறையில் வைத்துவிடும், எண்ணிக்கை 255-ஐத் தாண்டாது. டிசிசிஆர்1பி-இல் 129: இரைச்சல் வடிகட்டி ஆன், விழும் மாற்றத்தைப் பிடி, கிளாக்கைப் பிரிக்காமல் எண்ணு. ஏசிஎஸ்ஆரில் 4. பின் 5-ஐத் தாழ்த்தி 10 மில்லிவிநாடி (100 நானோபாரட்டைவிடப் பெரியதென்றால் அதற்கேற்ப இன்னும் அதிகம்) காத்திருந்து கெப்பாசிட்டரைக் காலி செய்யுங்கள். பிறகு இன்டரப்ட்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, டிஐஎஃப்ஆர்1-இல் 33 எழுதிக் கேப்சர் கொடியையும் நிரம்பி வழிந்த கொடியையும் இறக்கி, டிசிஎன்டி1-ஐப் பூஜ்யமாக்கி, உடனே பின் 5-ஐ உயர்த்துங்கள். டிஜிட்டல்ரைட் இங்கே மந்தம், போர்ட் ரெஜிஸ்டரில் நேராக எழுதுங்கள். கேப்சர் கொடி ஏறியதும் ஐசிஆர்1-ஐப் படித்தால் விடை.

இந்தச் சர்க்யூட்டின் அழகு சப்ளை எங்கே போனாலும் விடை மாறாதது. யுஎஸ்பி 5-க்குப் பதில் 4.7 வோல்ட் கொடுத்தாலும், சார்ஜ் செய்யும் வோல்டேஜும் எல்லையும் ஒரே விகிதத்தில் இறங்குகின்றன. கம்பேரேட்டரின் ஆஃப்செட் 10 மில்லிவோல்ட் என்றாலும் பிழை 0.6 சதவீதத்துக்குள்தான், உங்கள் 10 கே மின்தடையின் 5 சதவீதப் பிழைதான் பெரிய குற்றவாளி, அதை மல்டிமீட்டரில் அளந்து கணக்கில் போடுங்கள். டைமர் 16 பிட் என்பதால் 4.096 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். 10 கேயோடு சுமார் 590 நானோபாரட் வரை அளக்கலாம். பெரிய கெப்பாசிட்டருக்கு 1 கே போடுங்கள். செர்வோ லைப்ரரியும் இதே டைமரைத்தான் பயன்படுத்துகிறது, இரண்டையும் ஒரே புரோகிராமில் சேர்க்க முடியாது.

இரண்டு பின் போதவில்லை என்றால்

மைனஸ் பக்கத்துக்குப் பின் 7 மட்டுமல்ல, ஏ0 முதல் உள்ள அனலாக் பின்களில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஏடிசிஎஸ்ஆர்பி-இல் ஏசிஎம்இ பிட்டை 1 ஆக்கி, ஏடிசிஎஸ்ஆர்ஏ-இல் ஏடிஇஎன் பிட்டை 0 ஆக்கி, ஏடிமக்ஸின் கடைசி மூன்று பிட்டில் பின் எண்ணைப் போட வேண்டும். இரண்டாவது படியை மறந்தால் எதுவும் நடக்காது, ஏனென்றால் ஆர்டுயினோ தொடக்கத்திலேயே ஏடிசியை ஆன் செய்துவிடுகிறது. ஏடிசியை அணைத்த பிறகு அனலாக்ரீட் தரும் எண்ணை நம்பவும் முடியாது.

இந்த வசதி ஏதோ அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஏடிமெகா8 சிப் போட்ட டிரோன் மோட்டார் கன்ட்ரோலர்கள் இதை வைத்துத்தான் ஓடின. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில் மூன்று சுருள்களில் எது சும்மா இருக்கிறதோ, அதன் வோல்டேஜ் நடுப்புள்ளியைக் கடக்கும் கணம் தெரிந்தால்தான் அடுத்த சுருளுக்குக் கரண்ட் கொடுக்க முடியும். மூன்று சுருள்களும் மூன்று அனலாக் உள்ளீடுகள், நடுப்புள்ளி ஏஐஎன்0. ஒவ்வொரு கட்டத்திலும் மக்ஸை மாற்றி அடுத்த சுருளைப் பார்ப்பார்கள்.

வேறு சிப்பில் வேலை செய்பவர்கள் முதலில் டேட்டாஷீட்டில் கம்பேரேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏடிடைனி2313, பிஐசி16எஃப்628ஏ இரண்டிலும் ஏடிசியே கிடையாது, கம்பேரேட்டர் உண்டு. எஸ்டிஎம்32எஃப்103, ஆர்பி2040, முதல் தலைமுறை இஎஸ்பி32 ஆகியவற்றில் ஏடிசி உண்டு, கம்பேரேட்டர் இல்லை. நானோ எவ்ரி போர்டில் உள்ள ஏடிமெகா4809-இல் 10, 25, 50 மில்லிவோல்ட் என்று ஹிஸ்டெரிசிஸ் உள்ளேயே இருக்கிறது, வெளியீட்டையும் பின்னுக்குக் கொண்டுவரலாம். பின் 8, 470 கே வித்தையெல்லாம் அங்கே தேவைப்படாது.

இல்லாத சிப்புக்கு வெளியே எல்எம்393 ஒன்று போட்டுக்கொள்ளலாம். எல்.டி.ஆர்., ஐஆர் சென்சார் என்று கடையில் விற்கும் குட்டி மாட்யூல்களில் நீலநிற பிரீசெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எட்டுக்கால் சிப் பெரும்பாலும் அதுதான். ஒன்றுக்குள் இரண்டு கம்பேரேட்டர். அதன் வெளியீடு ஓப்பன் கலெக்டர், அதாவது கிரவுண்டுக்கு இழுக்கத் தெரியும், மேலே தள்ளத் தெரியாது. எனவே வெளியீட்டிலிருந்து சப்ளைக்கு 10 கே புல்-அப் ஒன்று வைக்க வேண்டும், அல்லது மைக்ரோகன்ட்ரோலர் பின்னிலேயே உள் புல்-அப்பை ஆன் செய்ய வேண்டும்.